பொட்டு வைத்த சிலிண்டர்

திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் உயர் பகுப்பாய்வுக் கருவி நிலையம் இருக்கிறது. அங்கிருக்கும் கருவிகளில் பெரியது வாயு வண்ணப்பிரிகைக் கருவி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பழையது என்று கழித்துக் கட்டியதைப் புதியது என்று வரவேற்று வாங்கியிருந்தார்கள். வந்த நாளிலிருந்து அது உறை போட்டபடியே இருந்தது. திறப்பு விழா நடக்காத கருவியை இயக்கக் கூடாது என்பது நிலையத்தின் விதி. அந்த விதியை யாரும் மீறியதில்லை. கருவியை இயக்க வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை.

கலையரசி கேட்டாள்.

அவள் முகையூர்ப் பக்கம். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். இரண்டு ஆண்டுகள் உழைத்து ஒரு பலபடியைத் தயாரித்திருந்தாள். சூடாக்கினால் அது திரவம் போல இளகும். ஆனால் உள்ளே அதன் மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பதுபோல் ஒரே திசையைப் பார்த்து வரிசையாக நிற்கும். திரவப் படிகப் பலபடி என்று பெயர். அதை முடிபோல மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்றின் உட்சுவரில் பூசியிருந்தாள். குழலைக் கருவியின் அடுப்புக்குள் பொருத்தி, நைட்ரஜனை ஓடவிட்டு, ஒரு கலவையை ஊசியால் செலுத்தினால், கலவையில் உள்ளவை பிரிந்து ஒவ்வொன்றாக மறுமுனைக்கு வரும். ஒவ்வொன்று வரும்போதும் திரையில் ஒரு சிகரம் எழும்.

செங்கல் சூளைப் புகையில் ஆந்த்ரசீன், பீனாந்த்ரீன் என்று இரண்டு பொருள்கள் உண்டு. ஒரே அணுக்கள், ஒரே எடை. இரண்டிலும் மூன்று வளையங்கள். ஆந்த்ரசீனில் வளையங்கள் நேராக நிற்கும். பீனாந்த்ரீன் ஓரிடத்தில் வளைந்திருக்கும். சாதாரணக் குழலில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வெளியே வரும். கலையரசியின் பலபடி உருவத்தைப் பார்த்துப் பிரிக்கும். நேராக இருப்பது வரிசைகளுக்கு இடையில் சிக்கி வெகுநேரம் நிற்கும். வளைந்தது முதலில் வெளியே போய்விடும்.

"இதைக் கண்டுபுடிக்க மெஷின் எதுக்குடி?" என்றாள் விடுதி அறைத்தோழி இளவரசி. "நம்ம டிபார்ட்மெண்ட்ல யார் யார் எப்ப வெளிய போனாங்கன்னு பார்த்தாலே தெரியுமே."

பலபடி ஒரு குழலுக்குத்தான் போதுமானதாக இருந்தது. சீசாவின் அடியில் ஒட்டியிருந்ததைக் கலையரசி கழுவாமல் மூடி வைத்தாள். திரையில் அந்த இரண்டு சிகரங்களும் தனித்தனியாக எழ வேண்டும். எழுந்தால் பட்டம். அவளுடைய ஆய்வுப் பதிவு முடிவதற்குள் எழ வேண்டும்.

குழலைச் சுருளாக பிஸ்கட் டப்பாவில் பஞ்சுக்கு நடுவில் வைத்து மடியில் ஏந்தியபடி திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினாள். மூடி சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தபோது பக்கத்தில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா அது, வளையலா?"

"இல்லங்க. கண்ணாடிக் குழல். உள்ளாற ஒரு பாலிமர் பூசியிருக்கு."

"எதுக்கு?"

கலையரசி கூச்ச சுபாவம் உள்ளவள். ஆனாலும் இதுவரை யாரும் பதிலை எதிர்பார்த்து அவளிடம் எதுக்கு என்று கேட்டதில்லை. விக்கிரவாண்டியில் தொடங்கிக் கூட்டேரிப்பட்டு வரைக்கும் சொன்னாள். அந்த அம்மாள் கடைசி வரைக்கும் கேட்டார்.

"பார்க்க வளையலாட்டந்தான் இருக்குது. ஒடைச்சிடாம எடுத்துக்கினு போ," என்றார்.

நிலையத்தின் இயக்குநர் திருமுருகன் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ராஜாமணி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"திறப்பு விழாவுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கறேன் சார்," என்றாள்.

"அதெப்படிம்மா? தாலி கட்டறதுக்கு முன்னாடி பொண்ணைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்ல விட்டு, ஒத்து வருதான்னு பார்த்துக்கினு வர்றமா?"

ராஜாமணி சிரித்தார். இயக்குநர் சிரிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே சிரிப்பது அவர் பழக்கம்.

"விழா அன்னிக்கே உன் குழலைப் போட்டுடலாம். முதல் ஊசியைச் சிறப்பு விருந்தினர் போடுவாரு. உனக்கு எவ்வளோ பெரிய பாக்கியம்," என்றார் இயக்குநர்.

விழாவுக்காகக் குழுக்கள் அமைக்கப்பட்டன. சால்வைக் குழு, மலர்க் குழு, சாமியானாக் குழு, சிற்றுண்டிக் குழு, குழுக்களை ஒருங்கிணைக்கும் குழு. கருவிக்குக் குழு தேவைப்படவில்லை. பெண் ஆய்வாளர்கள் அனைவரும் வரவேற்புக் குழு. இதை யாரும் அறிவிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கலையரசிக்கு மெரூன் நிறப் புடவையும் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் ஒதுக்கப்பட்டன.

விழா நாள் காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழலைப் பொருத்தினாள். சிலிண்டரைத் திறந்து நைட்ரஜனை ஓடவிட்டாள். பிறகு அடுப்பை மெதுவாகச் சூடேற்றினாள். நைட்ரஜன் ஓடும் வரை குழல் அந்தச் சூட்டைத் தாங்கும். அது நின்றால் காற்று புகும். காற்று புகுந்தால் பலபடி வெந்துவிடும். புதிய கருவிகளில் வாயு நின்றதும் அடுப்பு தானாக அணைந்துகொள்ளும். இந்தக் கருவி அந்த வசதி வருவதற்கு முன்பே பிறந்தது.

"அடுப்பு சூடாவே இருக்கட்டும். விருந்தினர் வந்ததும் உடனே ரெடியா இருக்கணும்," என்று ராஜாமணி சொல்லியிருந்தார். அவர் நன்றியுரை எழுதிக்கொண்டிருந்தார்.

பாதுகாப்புக்குப் பொறுப்பு உடற்கல்வி ஆசிரியர் ராஜ்குமார். கழுத்தில் விசிலோடு அறைக்குள் வந்தவர் சிலிண்டருக்கு முன்னால் நின்றார்.

"இது என்னா?"

"நைட்ரஜன் சார்."

"கேஸா?"

"கேஸ்தான் சார். ஆனா தீப்பிடிக்காது. நெருப்புல விட்டா நெருப்புதான் அணையும்."

"எங்க வீட்டு சிலிண்டரும் பேசாமத்தாம்மா நிக்குது. இங்க கற்பூரம் ஏத்தப் போறாங்க. எதுனா ஆச்சுன்னா உன்னைக் கேக்க மாட்டாங்க, என்னைக் கேப்பாங்க." பிறகு மேசை மேல் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினார். "அது?"

"அதுதான் சார் ஜாக்கிரதையா இருக்கணும். ஹைட்ரஜன் வர்ற பெட்டி. தண்ணியில இருந்து பிரிச்சுக் குடுக்கும்."

"தண்ணியா ஊத்தறீங்க?"

"ஆமா சார்."

"அப்போ பயமில்லை."

வாசலில் மேளம் கேட்டது. வரவேற்புக் குழுவை அழைத்தார்கள். கலையரசி போன பிறகு ராஜ்குமார் நைட்ரஜன் சிலிண்டரை இறுக மூடினார். கற்பூரத் தட்டை எங்கே வைப்பது என்று மலர்க் குழு கேட்டபோது, தண்ணீர்ப் பெட்டியின் மேல் வைக்கச் சொன்னார். ஹைட்ரஜன் பெட்டியின் மேல் கற்பூரம் எரிந்தது. பெட்டி வெடிக்கவில்லை. அந்த விழாவில் ஒழுங்காக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

மேளம் வாசித்தது ஒத்திகைக்கு. விருந்தினரின் வண்டி இன்னும் மேல்மருவத்தூரைத் தாண்டவில்லை. கலையரசி வாசலில் செம்போடு நின்றாள். கண்ணாடிக் கதவு வழியாகக் கருவி தெரிந்தது. வெகுநேரம் கழித்துத்தான் சிலிண்டரின் அளவுமானியைக் கவனித்தாள். முள் படுத்திருந்தது. அடுப்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

செம்போடு ராஜாமணியிடம் ஓடினாள்.

"சார், சிலிண்டரை மூடிட்டாங்க. குழல் வேகுது சார்."

"மெதுவா பேசும்மா. ஏன் எடத்தை வுட்டு வந்த?"

"ரெண்டு நிமிஷம் உள்ள போயிட்டு வந்துடறேன்."

"உள்ள போறவங்க பேர் எல்லாம் முடிவாயிடுச்சு. உன் பேர் இல்லை. பேஜாரு பண்ணாத. பன்னீர் தெளிக்க ஆள் இல்லாம விருந்தினர் வந்து நின்னாருன்னா யாருக்கு அசிங்கம்?"

அவள் கதவுக்குப் போனாள். கதவில் ராஜ்குமார் நின்றார். செருப்பை வெளியே விடச் சொன்னார். விட்டாள். செம்பை வெளியே வைக்கச் சொன்னார். வைத்தாள். பிறகு, பூசை போட்ட அறைக்குள் விருந்தினருக்கு முன்னால் யாரும் போகக் கூடாது என்றார்.

விருந்தினர் ஒரு காலத்தில் எங்கோ துணைவேந்தராக இருந்தவர். அவர் வந்து, சால்வை போர்த்தப்பட்டு, தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, இயக்குநர் ஒலிபெருக்கி முன் வந்தார்.

"இந்தக் கருவி எல்லாத்தையும் பிரிக்கும்னு சொல்றாங்க. நான் யோசிச்சுப் பார்த்தேன். பிரிவினை நம்ம பண்பாடு இல்லை. இந்த நிலையத்தில யாரையும் நாங்க பிரிச்சுப் பார்த்ததில்லை. அதோ வாசல்ல நிக்கறாங்களே ஆராய்ச்சிப் பெண்கள், அவங்களையும் எங்களில் ஒருத்தராத்தான் நினைக்கிறோம். அதனால்தான் வாசல் பொறுப்பையே அவங்ககிட்ட ஒப்படைச்சிருக்கோம்."

கைதட்டினார்கள். வாசல் பொறுப்பில் இருந்தவர்களும் தட்ட வேண்டியிருந்தது. கலையரசியின் கையில் செம்பு இருந்ததால் அவள் தப்பினாள்.

விருந்தினர் தன் உரையில், தான் முனைவர் பட்டம் வாங்கிய காலத்தில் இப்படிப்பட்ட கருவிகள் எதுவும் இல்லை என்றும், அதனால் ஆராய்ச்சி வேகமாக முடிந்தது என்றும் சொன்னார். பிறகு எல்லோரும் கருவி அறைக்குள் போனார்கள். விருந்தினர் ஊசியைச் செலுத்தினார். புகைப்படக்காரர் இன்னொரு முறை கேட்டார். மறுபடி செலுத்தினார். ஊசி வளைந்தது. அது படத்தில் தெரியாது என்று புகைப்படக்காரர் உறுதி சொன்னார்.

திரையில் நேர்கோடு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னம்மா, ஒண்ணும் வரலையே?" ராஜாமணி அன்று முதல் முறையாக அவளிடம் கருவியைப் பற்றிக் கேட்டார்.

"சிலிண்டர் மூடியிருக்கு சார்," என்றாள் கதவருகில் இருந்து.

ராஜ்குமார் முன்னால் வந்து ஒரு விளையாட்டைத் தொடங்கி வைப்பதுபோல் சிலிண்டரைத் திறந்தார். சற்று நேரத்தில் கோடு அசைந்தது. மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போனது. இரண்டு ஊசி அளவு கலவையால் அவ்வளவு உயரம் வராது. குழலுக்குள் வெந்துபோன பலபடி, இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து, வெளியே வந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு மலை எழுந்தது.

"எவ்வளோ பெரிய பீக்," என்றார் விருந்தினர்.

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

"அது பீக் இல்ல சார்," என்று கலையரசி சொன்னாள். அவள் குரல் எப்போதுமே சிறியது.

"ரெண்டு பொருள் போட்டோம். ஒண்ணா வந்திருக்கு," என்று இயக்குநர் விருந்தினருக்கு விளக்கினார். "நான் மேடையில சொன்னேனே சார். பிரிக்கலை பாருங்க."

அந்த மலை அச்சிடப்பட்டு, சட்டம் போடப்பட்டு, இயக்குநர் அறையில் மாட்டப்பட்டது. விபத்து இல்லாமல் விழா நடத்தியதற்காக ராஜ்குமாருக்குக் கேடயம் தந்தார்கள். குழல் கெட்டது பற்றி விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். அது ஒருமுறை கூடியது. குழல் உள்ளூரில் தயாரானது என்பதே காரணம் என்று கண்டறிந்தது. சூடான குழலை விட்டுவிட்டு வாசலில் பன்னீர் தெளிக்கப் போனது ஏன் என்று கலையரசியிடம் விளக்கம் கேட்டது.

கருவிக்கு மறுபடி உறை போட்டார்கள். திறந்து வைக்கப்பட்ட கருவியை விழா நாட்களில் மட்டுமே இயக்கலாம் என்று ஒரு புதிய விதி வந்தது. கருவி கெடாமல் இருப்பதற்காக. அடுத்த விழா, கருவியின் முதலாம் ஆண்டு நிறைவு விழா.

இளவரசி அந்த ஆண்டு பட்டம் வாங்கி வெளியே போனாள். அவளுடைய முடிவுகளை ராஜாமணி ஒரே மாலையில் திருத்திக் கொடுத்திருந்தார். அறையைக் காலி செய்யும்போது அவள் கலையரசியைப் பார்க்கவில்லை. "நீயும் சாரு சொல்றதைக் கேட்டுக்கினு முடிச்சுட்டு வந்துடு," என்று பெட்டியிடம் சொன்னாள்.

கலையரசி சீசாவின் அடியில் இருந்ததைக் கரைத்து எடுத்தாள். ஒரு சிறிய குழலுக்குத் தேறியது. பூசினாள்.

நிறைவு விழாவுக்கும் அதே புடவை, அதே செம்பு, அதே கிண்ணம். காலையில் குழலைப் பொருத்தி, நைட்ரஜனைத் திறந்து, அடுப்பைச் சூடேற்றினாள். வாசலில் மேளம் கேட்டது. சிலிண்டரைப் பார்த்தாள். கையில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் இருந்தன. மலர்க் குழு போட்டுவிட்டுப் போன சாமந்தி மாலை ஒன்று தரையில் கிடந்தது.

சிலிண்டரின் நெற்றி என்று தோன்றிய இடத்தில் சந்தனம் பூசினாள். குங்குமம் வைத்தாள். மாலையைக் கழுத்தில் போட்டாள்.

ராஜ்குமார் வந்து வால்வை நோக்கிக் கையை நீட்டினார். பொட்டைப் பார்த்தார். கை நின்றது. வெளியே போய் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். இரண்டு கன்னங்களிலும் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்.

இந்த முறை ஊசி போட விருந்தினர் வரவில்லை. அவர் கேக் வெட்டினார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கலையரசி கருவி அறைக்குள் நுழைந்து கலவையைச் செலுத்தினாள். முதலில் வளைந்தது வந்தது. கூர்மையான ஒரு சிகரம். கோடு கீழே இறங்கி ஓடியது.

"ரூமை மூடணும்மா, ஜல்தி," என்றார் ராஜ்குமார் கதவில் நின்று. அவர் வாயில் பாயசம் மணத்தது.

"இன்னொண்ணு வரணும் சார்."

"அது எங்க போச்சு?"

"உள்ளதான் சார் இருக்கு. அது நேரா இருக்கறதால லேட்டாவும்."

அவர் விசிலை உருட்டிக்கொண்டே நின்றார். கோடு நடுங்கி எழுந்தது. இரண்டாவது சிகரம். இடையில் சுத்தமான தரை. கலையரசிக்குக் கண் கலங்கியது. ராஜ்குமாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பை அணைத்தாள். சிலிண்டரை மூடக் கை வைத்தபோது விசில் அடித்தது.

"செருப்புக் காலோட தொடாத."

"சும்மா வுட்டா கேஸ் எல்லாம் போயிடும் சார்."

"சாமிய மூடுவாங்களா யாராவது?"

அறையைப் பூட்டினார்.

இரண்டு சிகரங்களும் அச்சான தாளை ராஜாமணி வாங்கி நெடுநேரம் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில், வெகு காலத்துக்கு முன்பு அவரும் எதையோ பிரித்திருப்பார் போன்ற ஒரு சாயல் வந்து போனது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சீஃப் கெஸ்ட் போட்டப்ப ஒண்ணு வந்துச்சு. நீ போட்டா ரெண்டு வருது. டைரக்டர் ரூம்ல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கு. யாரை நம்பறது?"

"அன்னிக்கு வந்தது பாலிமர் சார். வெந்துபோனது."

"எனக்குத் தெரியும்மா." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டும் ஒண்ணாத்தான் வருதுன்னு எழுதிக் குடுத்துடு. இந்த மாசமே வைவா வெச்சுடறேன். எழுத மாட்டேன்னா, இதே மாதிரி மூணு தடவை எடுத்துக்கினு வா. பதிவு முடியறதுக்குள்ள."

"மூணு தடவை எடுத்துக்கினு வர்றேன் சார்."

விழா இல்லாத நாளில் அறையைத் திறக்க அனுமதி கேட்டாள். கோரிக்கை எல்லாக் குழுக்களையும் சுற்றி வந்தது. அதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. பூ வைக்க மட்டும் அறை தினமும் திறக்கப்பட்டது. கிடங்குப் பொறுப்பாளர் கண்ணையன் காலையில் வந்து சிலிண்டருக்கு முல்லைச் சரம் சாத்திவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார். வால்வை மட்டும் மூடிவிடும்படி அவரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"எனக்குக் கொழந்தைங்க இருக்குதும்மா," என்றார்.

அனுமதி கிடைத்த அன்று அறைக்குள் போனாள். முல்லை புதிதாக இருந்தது. சந்தனம் தடிமனாகி வால்வை மறைத்திருந்தது. அளவுமானியின் முள் சுழியத்தில் படுத்திருந்தது. ஒரு சிலிண்டர் நைட்ரஜனும் யாருக்கும் பயன்படாமல், யாரையும் எரிக்காமல், குழல் வழியாக வெளியே போயிருந்தது.

நிரப்பிய சிலிண்டர் ஒன்று கிடங்கில் நின்றது. அதை மாற்றக் கண்ணையன் மறுத்தார். இயக்குநர் அறையில் கூடினார்கள்.

"பொட்டு வெச்சதை எப்படிம்மா கழட்டி ஓரமாப் போடறது?" என்றார் இயக்குநர். அவர் தலைக்குப் பின்னால் மலை மாட்டியிருந்தது.

"பொட்டு வெச்சது நான்தான் சார்," என்றாள் கலையரசி. "யாரும் மூடிடக் கூடாதுன்னு வெச்சேன். அது வெறும் சிலிண்டர்."

இயக்குநர் புன்னகைத்தார். ராஜாமணி சற்று முன்பே புன்னகைத்திருந்தார்.

"யார் கையால வெச்சா என்னம்மா? உனக்கு அன்னிக்கு அப்படித் தோணியிருக்கு பாரு. அதுதான் விசேஷம். நல்ல நாள் பார்த்து, பெரியவர் ஒருத்தரை வெச்சு, முறையா எறக்கி, புதுசை ஏத்திடலாம். ரெண்டாம் ஆண்டு விழாவுல வெச்சுக்கலாம்."

"என் பதிவு அதுக்குள்ள முடிஞ்சிடும் சார்."

"முடிஞ்சா என்ன? நீ இந்த நிலையத்துப் பொண்ணு. வரவேற்புக்கு எப்பவும் உன்னைத்தான் கூப்பிடுவோம்."

ராஜாமணி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். ஒன்றாகத்தான் வருகின்றன என்று எழுத ஒரு வரி போதும். கலையரசி தாளைப் பார்த்தாள். பேனாவை மூடி அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

கருவி அறைக்குப் போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குழலைக் கருவியிலிருந்து கழற்றினாள். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. பிஸ்கட் டப்பாவில் பஞ்சுக்கு நடுவில் வைத்தாள்.

விழுப்புரம் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மூடியைத் திறந்து பார்த்தாள். பக்கத்தில் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"வளையலாக்கா?"

"ஆமா," என்றாள் கலையரசி.

"அழகா இருக்குது. போட்டுக்கலையா?"

"எனக்கு அளவு சேரலை."

மூடியை அழுத்தி மூடினாள்.